ராக் பாட்டுக்கு உரை எழுதப் பழகுவது எப்படி?

கல்லூரி விடுதியில் எங்கள் அறைக்கு எதிர் அறையில் ஒரு சீனியர் இருந்தார். கிதார் வைத்திருந்தார். மொத்தம் நான்கு பாட்டு வாசிக்கத் தெரியும். அதில் ஒன்று 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. வாசித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "இது எதைப் பத்தின பாட்டுன்னு தெரியுமாடா? சாத்தானைக் கும்பிடுற சர்ச் பத்தி" என்பார். அடுத்த செமஸ்டரில் அதே பாட்டு ஒரு மனநல மருத்துவமனையைப் பற்றியதாக மாறியிருந்தது. நாங்கள் இரண்டையும் நம்பினோம்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாட்டுகளோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம், பெரும்பாலான பாட்டுகள் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான். எழுதிய ஊரில், எழுதிய வருடத்தில் ரேடியோ கேட்டவனுக்கு எல்லாமே வெட்டவெளிச்சம். நமக்கும் அவனுக்கும் இடையில் ஐம்பது வருடமும் இரண்டு சமுத்திரமும் கிடப்பதால் ரகசியம் போலத் தெரிகிறது. உரையில்லாமல் குறுந்தொகையைத் திறந்தவனின் நிலைதான் நம்முடையது. அந்த உரையை நாமே எழுதிக்கொள்வது எப்படி என்று, இப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேண்டியவை: ஒரு நோட்டு, ஒரு பென்சில், சுமாரான ஹெட்போன். ஒரு பாட்டுக்கு நோட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில் பாட்டு வரிகள், வலது பக்கத்தில் உங்கள் உரை. போனில் எழுதிக்கொள்ளலாமே என்பீர்கள். எழுதலாம், ஆனால் அம்புக்குறி போட முடியாது. இந்த வேலையில் அம்புக்குறி நிறையப் போட வேண்டிவரும்.

முதலில் காது

1963இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 'தி கிங்ஸ்மென்' என்ற உள்ளூர்ப் பையன்கள் 'லூயி லூயி' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவு படுமோசம். பாடுகிறவர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். வரிகள் புரியாததாலேயே, அதில் ஆபாசம் இருக்கிறது என்று நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடங்களில் 'உண்மையான வரிகள்' என்று துண்டுச் சீட்டுகள் கைமாறின. 1964இல் கவலைப்பட்ட ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதிவிட்டார். எஃப்பிஐ களத்தில் இறங்கியது. இசைத்தட்டைப் பல வேகங்களில் சுழற்றிச் சுழற்றிக் கேட்டார்கள். கடைசியில், எந்த வேகத்தில் போட்டாலும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி 1957இலேயே அதைத் தெளிவாகப் பாடி வெளியிட்டிருந்தார். ஜமைக்காவில் காதலி காத்திருக்கிறாள், கப்பலேறிப் போகப்போகிறேன் என்று ஒரு மாலுமி பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் லூயியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அந்த இசைத்தட்டைத் தேடிப் போட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, வரிகளைச் சரியாகப் பிடிப்பது. இசைத்தட்டு உறையில் அச்சிட்ட வரிகள் கிடைத்தால் அதுதான் முதல் ஆதாரம். பீட்டில்ஸ் 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தின் பின்னட்டையிலேயே எல்லாப் பாட்டு வரிகளையும் அச்சிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் செய்த பிழையைப் பத்து பேர் நகலெடுத்திருப்பார்கள். ஐந்து முறை கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லையா, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். யூகத்தின் மேல் உரை கட்டினால் பிறகு இடிக்க மனசு வராது.

தப்பாகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 'பேட் மூன் ரைசிங்' பாட்டில் கெட்ட நிலா உதிக்கிறது என்று வரும் இடத்தை, 'வலது பக்கம் பாத்ரூம்' என்று உலகமே கேட்டது. நானும் அப்படித்தான் கேட்டேன். எழுதிய ஜான் ஃபோகர்ட்டி பிற்காலக் கச்சேரிகளில் வேண்டுமென்றே பாத்ரூம் என்று பாடி, கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்.

சொன்னதையே சொல்கிறதா என்று பாருங்கள்

தண்ணீர் மேல் புகை, வானத்தில் நெருப்பு. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் பல்லவி இவ்வளவுதான். படிமம், தத்துவம், போதை என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் போலத் தோன்றும். ஆனால் 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் நடந்ததற்குச் செய்தி அறிக்கை அது. ஃபிராங்க் சாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவன் வெளிச்சக் குண்டுத் துப்பாக்கியால் சுட்டான். கேசினோ கட்டடம் பற்றி எரிந்தது. ஜெனீவா ஏரி மேல் புகை படர்ந்தது. அந்தக் கட்டடத்தில் ஆல்பம் பதிவு செய்யலாம் என்று வந்திருந்த டீப் பர்பிள் குழு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டில் வரும் கிளாட் என்பவர் பார்வையாளர்களை வெளியே இழுத்துப் போட்ட கிளாட் நோப்ஸ், மோன்த்ரோ ஜாஸ் விழாவை நடத்தியவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டிகூட வரியில் இருக்கிறது. வலது பக்கத்தில் ஊர், தேதி, ஆட்கள் பெயர் எழுதினால் உரை முடிந்தது.

எந்தப் பாட்டையும் முதலில் இந்தக் கண்ணோடு பாருங்கள். படிமம் என்று சொல்வதற்கு முன் அது வெறும் சம்பவமா என்று ஒரு முறை தேடிவிடுவது நல்லது.

யார் கூற்று?

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மவர்களுக்கு இது கைவந்த கலையும்கூட. சங்கப் பாட்டுக்குக் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு வரி இருக்குமே, அது தெரியாமல் பாட்டுக்குள் போக முடியாது. ராக் பாட்டுக்கும் அந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சமயத்தில். பாடகர் வேறு, பேசுகிறவன் வேறு என்பதை மறக்காதீர்கள்.

நண்பன் ஒருவனின் கல்யாண ரிசப்ஷன். மணமக்கள் மேடையில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருக்க, கீழே பாட்டுக்குழு 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடியது. நிதானமான தாளம், இதமான கிதார். பெண்ணின் சித்தப்பா கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு மட்டும் பிரியாணி இறங்கவில்லை.

ஏன் என்று நோட்டில் போட்டுப் பார்க்கலாம். இடது பக்கத்தில் அந்தப் பாட்டின் வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். 'நீ' செய்பவை ஒரு பக்கம், 'நான்' செய்பவை ஒரு பக்கம். நீ மூச்சு விடுகிறாய், அசைகிறாய், அடியெடுத்து வைக்கிறாய், பந்தத்தை முறிக்கிறாய், பொய்யாகச் சிரிக்கிறாய். நான்? பார்த்துக்கொண்டே இருப்பேன். சரணத்துக்குச் சரணம் 'நான்' செய்கிற வேலை அது ஒன்றுதான். இடையில் நீ எனக்குச் சொந்தம் என்று ஒரு வரி. நடுவில் இசை மாறி உயரும் இடத்தில்தான் சமயம் தெரிகிறது: நீ போனதிலிருந்து நான் தொலைந்துவிட்டேன் என்கிறான். அவள் ஏற்கெனவே போய்விட்டாள். போனவளின் ஒவ்வோர் அசைவையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஒருவன் சொன்னால் அதற்கு நம் ஊரில் காவல் நிலையத்தில் புகார் எழுதுவார்கள்.

'தி போலீஸ்' குழுவின் பாடகர் ஸ்டிங் இதை எழுதியது 1982இல், முதல் கல்யாணம் முறிந்துகொண்டிருந்த நேரத்தில், ஜமைக்காவில் ஒரு வீட்டில் இருந்தபடி. அது ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங் முன்பு வாழ்ந்த வீடு. 1983இல் பாட்டு அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. இது கண்காணிப்பையும் அடக்கியாள்வதையும் பற்றிய கெட்ட பாட்டு என்று ஸ்டிங்கே பல பேட்டிகளில் சொல்லிவிட்டார். கல்யாண மண்டபங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யூஎஸ்ஏ'வுக்கும் இதே கதிதான், இன்னும் பெரிய அளவில். 1984இல் வந்த பாட்டு. பல்லவியில் தலைப்பு மட்டும் திரும்பத் திரும்ப, மைதானமே சேர்ந்து கத்துகிற மாதிரி. முரசு அடிப்பதுபோல டிரம்ஸ். கேட்டால் தேசபக்திப் பாட்டு. சரி, சரணங்களுக்குப் போங்கள். செத்த ஊரில் பிறந்த ஒருவன். உள்ளூர்த் தகராறில் மாட்டுகிறான். கையில் துப்பாக்கி கொடுத்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் எண்ணெய் ஆலையில் வேலை இல்லை. முன்னாள் படைவீரர் அலுவலகத்திலும் கைவிரிக்கிறார்கள். கே சான் போர்முனையில் அண்ணனோ தம்பியோ ஒருவன் செத்துவிட்டான், அவன் காதலித்த சைகோன் பெண்ணின் படம் மட்டும் மிச்சம். பத்து வருடம் கழித்தும் சிறைச்சாலை நிழலில், போக இடமில்லாமல் நிற்கிறான். இப்போது பல்லவிக்குத் திரும்பி வந்தால், 'நான் இங்கேதானே பிறந்தேன், எனக்கே இந்தக் கதியா' என்கிற ஓலமாகக் கேட்கும்.

அதே வருடம் செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சியின் ஹேமன்டன் ஊரில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ரொனால்ட் ரீகன், அமெரிக்காவின் எதிர்காலம் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகள் தரும் நம்பிக்கையில் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். சில நாள் கழித்து பிட்ஸ்பர்க் கச்சேரியில் ஸ்பிரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்குப் பிடித்த என் ஆல்பம் எதுவாக இருக்கும், 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்திலிருந்து வேலை போன கார் ஆலைத் தொழிலாளி ஒருவன் கொலைகாரனாகும் பாட்டைப் பாடினார்.

இங்கே ஒரு கைப்பக்குவம் சொல்கிறேன். இசை ஒன்றைச் சொல்லி வரி வேறொன்றைச் சொன்னால், அதே பாட்டின் வேறு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். 'பார்ன் இன் தி யூஎஸ்ஏ'வை ஸ்பிரிங்ஸ்டீன் 1982இலேயே தன் வீட்டில் ஒற்றைக் கிதாரோடு பாடிப் பதிவு செய்திருக்கிறார். 1998இல்தான் அது வெளிவந்தது. முரசு இல்லை, மைதானம் இல்லை. ஓர் ஆள் இருட்டில் உட்கார்ந்து முனகுகிறான். அதை ஒரு முறை கேட்டுவிட்டால் கூற்று யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரையும் வருடத்தையும் தேடுங்கள்

பாட்டு வந்த வருடத்தை நோட்டின் தலையில் எழுதுங்கள். அந்த வருடம் அந்த நாட்டில் இருபது வயதுப் பையனுக்கு எது தலைபோகிற பிரச்சினை என்று ஒரு வரி எழுதுங்கள். 1965 முதல் 1973 வரையிலான அமெரிக்கப் பாட்டு என்றால் பாதிக்குப் பாதி விடை வியட்நாமுக்கான கட்டாய ராணுவச் சேவையாக இருக்கும். கல்லூரியில் படித்தால் தள்ளிப்போடலாம். செல்வாக்குள்ள அப்பா இருந்தால் வழி இருந்தது. இரண்டும் இல்லாதவன் போனான். இது தெரிந்தால் 1969இல் வந்த 'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டுக்கு உரையே வேண்டாம். நான் செனட்டர் மகன் இல்லை, கோடீஸ்வரன் மகன் இல்லை என்று ஜான் ஃபோகர்ட்டி கத்துவது நேரடி வாக்குமூலம்.

சில சமயம் வருடத்தைவிட ஊர் முக்கியம். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்பது இங்கிலாந்துத் திருவிழாக்களில் இருக்கும் ஒரு சறுக்குமரம். கோபுரம் மாதிரி இருக்கும். உள்ளே படியேறி, வெளியே சுற்றிச் சுற்றிச் சறுக்கி வரலாம். ஆங்கிலேயக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல். பீட்டில்ஸின் 1968 ஆல்பத்தில் அந்தப் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. மேலே ஏறினேன், கீழே சறுக்கினேன், மறுபடி ஏறினேன் என்று போகும். கலிஃபோர்னியாவில் சார்லஸ் மான்சன் என்பவனுக்கு அந்தச் சறுக்குமரம் தெரியாது. வரப்போகும் இனப்போரைப் பற்றி பீட்டில்ஸ் தனக்கு அனுப்பிய ரகசியச் செய்தி என்று எடுத்துக்கொண்டான். 1969 ஆகஸ்ட் மாதம் அவன் ஆட்கள் கொலை செய்த ஒரு வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தத் தலைப்பு ரத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுத்துப்பிழையோடு.

எல்லாத் தப்பான உரையும் இங்கே போய் முடியாதுதான். ஆனாலும் தெரியாத சொல்லுக்கு அகராதியும், அந்த ஊர் வழக்கும் பார்த்துவிட்டு மேலே போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

யாருக்காவது பதிலா?

பாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பாட்டு தெரியாமல் ஒன்றை மட்டும் கேட்டால், போனில் பேசுகிற ஒருவரின் பேச்சை மட்டும் கேட்பது மாதிரி. கனடாக்காரரான நீல் யங் 1970இலும் 1972இலும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறியைச் சாடி இரண்டு பாட்டு எழுதினார். 1974இல் லினர்ட் ஸ்கினர்ட் குழு 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வில் அவர் பெயரைச் சொல்லியே, தென்னாட்டானுக்கு நீ தேவையில்லை என்று பதில் கொடுத்தது. இத்தனைக்கும் அந்தக் குழு அலபாமாக் குழு அல்ல, ஃபுளோரிடாக் குழு. தன்னுடைய 'அலபாமா' பாட்டுக்கு அந்த அடி வேண்டியதுதான் என்று நீல் யங்கே 2012இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

'ஸ்வீட் ஹோம் அலபாமா'வில் ஆளுநரைப் பற்றிய வரிக்குப் பின்னால் 'பூ, பூ, பூ' (ஆங்கிலத்தில் எதிர்ப்புக் கூச்சல்) என்று பக்கக்குரல் வரும். நிறப்பாகுபாட்டை ஆதரித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸை அவர்கள் கிண்டல் செய்தார்களா, கொண்டாடினார்களா என்பது இன்றும் தீராத வழக்கு. ஆகவே பக்கக்குரலையும் இடது பக்கத்தில் எழுதுங்கள். அச்சிட்ட வரிகளில் அது பெரும்பாலும் இருக்காது.

எழுதியவரையே கேட்டால்?

கேட்கலாம். பேட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் எழுதியவர் சொன்னது ஒரு சாட்சியம், தீர்ப்பு அல்ல.

பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' 1981இல் வந்தது. நீ மூழ்குகிறாய் என்று நீ சொன்னாலும் கை கொடுக்க மாட்டேன் என்று ஒரு வரி. இதை வைத்து ஒரு கதை கட்டினார்கள்: ஒருவன் நீரில் மூழ்கியதை இன்னொருவன் வேடிக்கை பார்த்தான், காலின்ஸ் அதை நேரில் கண்டார், பிறகு அந்த ஆளைக் கச்சேரி முன்வரிசைக்கு வரவழைத்து அவன் முகத்துக்கு நேரே பாடினார் என்று. விவாகரத்துக் கோபத்தில் இருந்தேன், புது டிரம் மெஷினைச் சோதித்துப் பார்க்கும்போது வாயில் வந்ததைப் பாடினேன், அவ்வளவுதான் என்று காலின்ஸ் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவரை நம்பலாம். கட்டுக்கதைக்கு ஊரும் இல்லை, தேதியும் இல்லை, சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது.

பீட்டில்ஸின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' விஷயம் அவ்வளவு சுலபமில்லை. தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்எஸ்டி என்ற போதைப்பொருள். மகன் ஜூலியன் பள்ளியிலிருந்து வரைந்து கொண்டுவந்த படம், கூடப் படிக்கும் லூசி என்ற பிள்ளை வானத்தில் வைரங்களோடு இருக்கிறாள் என்று அவன் சொன்னான், அதுதான் தலைப்பு என்று பாட்டை எழுதிய ஜான் லெனன் கடைசிவரை சொன்னார். படகு, ஆறு எல்லாம் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையிலிருந்து வந்தவை என்றார். 2004இல் அதே குழுவின் பால் மக்கார்ட்னியோ, அந்தப் பாட்டில் போதை இருப்பது வெளிப்படைதானே என்று விட்டார். என் உரையில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். தலைப்பு குழந்தையுடையது, நிறங்கள் 1967ஆம் வருடத்துடையவை.

வாயே திறக்காதவர்களும் உண்டு. குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி' எதைப் பற்றியது என்று ஃபிரெடி மெர்குரி விளக்கவே இல்லை. அதில் 'பிஸ்மில்லா' வருகிறது. அவர் சான்சிபாரில் பிறந்த பார்சி, மராட்டியப் பகுதியிலுள்ள பஞ்சகனியில் படித்தவர். இந்தத் தகவலை வலது பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம். ஒரு சொல் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று வாழ்க்கை வரலாறு சொல்லும். பாட்டில் அது என்ன செய்கிறது என்று சொல்லாது.

டான் மக்லீன் இன்னொரு ரகம். 1971இல் வந்த 'அமெரிக்கன் பை'க்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், இனி நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று அர்த்தம் என்பார்.

எங்கே நிறுத்துவது?

சாட்சியம் தீர்ந்ததும் நிறுத்துங்கள். 1969 அக்டோபரில் டெட்ராய்ட் ரேடியோ ஒன்றில் கிளம்பிய பேச்சு, பால் மக்கார்ட்னி எப்போதோ செத்துவிட்டார், இப்போது இருப்பது போலி என்று ஊரெல்லாம் பரவியது. 'அபே ரோடு' அட்டைப் படத்தில் அவர் செருப்பில்லாமல் நடக்கிறாராம், அது பிணத்துக்கு அடையாளமாம். பின்னால் நிற்கும் காரின் எண் '28இஃப்': உயிரோடு இருந்திருந்தால் 28 வயதாம். மக்கார்ட்னி பிறந்தது 1942 ஜூன். அந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 27தான். கணக்கே தப்பு, ஆனாலும் நம்பினார்கள்.

தலைகீழாகச் சுழற்றிக் கேட்கும் வித்தை இன்னொன்று. 1982இல் கலிஃபோர்னியச் சட்டசபைக் குழு ஒன்று லெட் செப்பலின் இசைக்குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டைத் திருப்பிப் போட்டுச் சாத்தான் துதியைத் தேடியது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். திருப்பிப் போட்ட துண்டை நண்பரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் கேட்கச் சொல்லுங்கள். இரைச்சல் என்பார். பிறகு, 'இந்த இடத்தில் இந்த வார்த்தை வருகிறது' என்று சொல்லிப் போடுங்கள். உடனே கேட்கும். கனடாவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் இருவர் பைபிள் சங்கீதத்தையும் லூயிஸ் கரோல் கவிதையையும் திருப்பிப் போட்டே இதைக் காட்டி, 1985இல் கட்டுரை எழுதினார்கள். எதிர்பார்ப்பு கொடுத்தால் காது கண்டுபிடித்துக்கொடுக்கும்.

சீனியர் பாட்டுக்கு வருவோம்

'ஹோட்டல் கலிஃபோர்னியா', ஈகிள்ஸ், 1976. மேலே சொன்னதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

கூற்று: இரவில் பாலைவன நெடுஞ்சாலையில் களைத்துப்போன ஒரு வழிப்போக்கன். சமயம்: எல்லாம் முடிந்த பின் திரும்பி நினைத்துச் சொல்கிறான். காற்றில் 'கொலீட்டாஸ்' வாசனை வருகிறது. ஸ்பானிஷில் சின்ன வால்கள் என்று பொருள், மெக்சிகோ பேச்சுவழக்கில் கஞ்சா மொட்டு. விடுதி வாசலில் ஒரு பெண். உள்ளே விருந்து, நடனம், கூரையில் கண்ணாடி, ஐஸ் போட்ட ஷாம்பெயின். நாங்கள் எல்லோரும் எங்களாலேயே சிறைப்பட்டவர்கள் என்கிறாள். இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டால் சாத்தானும் மருத்துவமனையும் தேவையில்லாமல் போகிறார்கள். யாரும் யாரையும் பூட்டி வைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பிரபலமான இடம். வழிப்போக்கன் ஒயின் கேட்கிறான். அந்த 'ஸ்பிரிட்' 1969க்குப் பிறகு இங்கே இல்லை என்கிறார் பணியாளர். ஒயின் ஸ்பிரிட் வகையில் சேராது, வடித்தெடுத்த சாராயம்தான் ஸ்பிரிட் என்று 2009இல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், பாட்டைப் பாடிய டான் ஹென்லியிடம் கேட்டார்கள். இதைச் சொல்கிற முதல் ஆள் நீங்கள் இல்லை, அந்த வரிக்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை, அது சமூக, அரசியல் பேச்சு என்று கடுப்போடு பதில் சொன்னார். காளமேகத்தைப் படித்த நமக்கு இது வெறும் சிலேடை. ஸ்பிரிட் என்றால் சாராயமும் ஆகும், உணர்வும் ஆகும். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா. டிசம்பர் 6இல் அதே கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கச்சேரியில் மேடைக்கு முன்னாலேயே கொலை. அந்த வருடத்தோடு எது தீர்ந்துபோனது என்று 1976இல் கேட்டவனுக்கு விளக்க வேண்டியிருக்காது.

மிருகத்தை 'ஸ்டீலி' கத்திகளால் குத்துகிறார்கள் என்று ஒரு வரி. இரும்புக் கத்தி என்று போய்விடாதீர்கள். அதே 1976இல் ஸ்டீலி டான் குழு தன் பாட்டு ஒன்றில், ஈகிள்ஸ் பாட்டைச் சத்தமாக வை, பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள் என்று சீண்டியிருந்தது. இது அதற்குப் பதில் மரியாதை. இரண்டு குழுவுக்கும் ஒரே மேனேஜர் வேறு.

களங்கமின்மையிலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணம் என்பது ஹென்லி தந்த விளக்கம். பணமும் புகழும் போதையும் புரண்ட லாஸ் ஏஞ்சலீஸில் வெளியூர்க்காரனாக வந்து இறங்கியவர் அவர். ஆல்பம் அட்டையில் உள்ள கட்டடம் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். அறையைக் காலி செய்யலாம், ஆனால் போக முடியாது என்ற கடைசி வரிக்குப் பின் குரல் நின்றுவிடும். இரண்டு கிதார் மட்டும் இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றி வாசிக்கும், வாசிக்க வாசிக்கவே ஒலி தேய்ந்து மறையும். முடிவு என்று ஒன்று வாசிக்கப்படவே இல்லை. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். இது என் உரை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எதிலிருந்து தொடங்க?

'ஃபார்ச்சுனேட் சன்' நல்ல முதல் பாடம். இரண்டரை நிமிடம்கூட இல்லை, ஒரு மாலையில் முடித்துவிடலாம். அடுத்தது 'எவ்ரி பிரெத் யூ டேக்', வினைச்சொல் பட்டியலோடு. 'அமெரிக்கன் பை'க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் என்ற ராக் பாடகர்கள் மூவரும் செத்த விமான விபத்திலிருந்து பிடியுங்கள். அப்போது மக்லீன் வீடு வீடாகப் பேப்பர் போடும் 13 வயதுப் பையன். எட்டரை நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் எல்லா முடிச்சையும் அவிழ்த்தே தீருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

'ஐ ஆம் தி வால்ரஸ்' பக்கம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். லெனன் படித்த பள்ளியிலிருந்து 1967இல் ஒரு மாணவன் கடிதம் போட்டான்: எங்கள் ஆசிரியர் வகுப்பில் உங்கள் பாட்டு வரிகளை அலசுகிறார் என்று. லெனனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாராலும் உரை எழுத முடியாதபடி வேண்டுமென்றே வாய்க்கு வந்ததைக் கோத்து எழுதிய பாட்டு அது. தலைப்பில் உள்ள வால்ரஸை லூயிஸ் கரோலின் 'வால்ரஸும் தச்சனும்' கவிதையிலிருந்து எடுத்தார். அதில் வால்ரஸ், சிப்பிகளை நைச்சியமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போய்த் தின்றுவிடும். பல வருடம் கழித்துக் கவிதையைத் திரும்பப் பார்த்தபோதுதான் லெனனுக்கு உறைத்ததாம்: அடடா, வால்ரஸ் அந்தக் கதையின் வில்லன், நான் தப்பான ஆளைப் பிடித்துவிட்டேன், தச்சன் என்று எழுதியிருக்க வேண்டும் என்று 1980இல் ஒரு பேட்டியில் சொன்னார்.